அக்காவின் தலை யாருக்குச் சொந்தம்

என் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தொன்பது வருஷமாக ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாடிக்கையாளர்கள் விதவிதமாக மாட்டிப் பார்த்துக் கழுத்தைத் திருப்பிக்கொள்ளும் முன்பக்கத்தில் அல்ல, பின்னால் இருக்கும் ஜன்னல் இல்லாத அறையில். வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குச் சக்கரத்தில் தேய்த்து, ஃப்ரேமைச் சூட்டில் இளக வைத்து, லென்ஸை உள்ளே அமுக்குவாள். டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். யாராவது அவசரப்படுத்தினால், "உங்க கண்ணா இது?" என்பாள். முதலாளியாக இருந்தாலும் அதே பதில்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவளுடைய பின்னல் அந்தச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. இடுப்பு வரை தொங்கிய பின்னல். தலை இழுபட்டுப் போய், மூக்குக்கும் சக்கரத்துக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கும்போது, மேஜையில் கிடந்த கத்தரிக்கோலை எட்டி எடுத்துப் பின்னலை வெட்டிவிட்டாள். அன்று மாலை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று மிச்சத்தையும் காதளவுக்குக் குறைத்தாள். அம்மா ஓவென்று அழுதாள். "தலை மிஞ்சியிருக்கே, அதுக்குச் சந்தோஷப்படும்மா" என்றாள் அக்கா.

அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டும் நாள். பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்து, தானே வெட்டிக்கொள்வாள். சில மாதம் நன்றாக வரும். சில மாதம் எலி கடித்த மாதிரி வரும். அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர், எதையும் மட்டம் பிடித்துப் பார்த்தே பழகியவர். ஆனாலும் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவைதான், "இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு" என்று சொன்னார். அப்புறம் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் அந்த விதி வந்தது.

எங்கேயோ ஒரு சலூனில் ஒரு பெரிய மனிதரின் காது நுனி வெட்டுப்பட்டதாகப் பேசிக்கொண்டார்கள். மூன்றே மாதத்தில் அதற்கென்று ஒரு துறை, ஒரு மூன்று மாடிக் கட்டடம், நாற்பது பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம். லைசென்ஸ் இல்லாத எவரும் எந்த ஒரு தலையிலும் முடி வெட்டக் கூடாது. இவ்வளவுதான் சாராம்சம். அந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். விதிப் புத்தகத்தை எத்தனை முறை பிரதி எடுத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் ஒரு முறைகூடப் படித்ததில்லை. படித்திருந்தால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அந்தத் துறையில் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அதனாலேயே எல்லாரும் அவரைக் கண்டால் நடுங்கினார்கள். தெருவில் அவருக்குப் பெயர் 'தலை இன்ஸ்பெக்டர்'. அவருக்குப் பார்வை மங்கி, அக்கா வேலை பார்க்கும் கடையிலேயே கண்ணாடிக்குச் சொல்லியிருந்தார். வாங்க வந்த அன்று காதில் கொஞ்சம் உறுத்துகிறது என்றதும், முன்னால் நிற்கும் பெண் அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா கண்ணாடியின் காம்பைச் சூடாக்கி வளைத்து அவர் காதில் மாட்டினாள். "இப்ப பாருங்க சார்."

"அடேயப்பா, ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். பல வருஷத்துக்குப் பிறகு உலகத்தைச் சரியாகப் பார்க்கிறார். அவர் கண்ணில் பட்ட முதல் பொருள் அக்காவின் தலை. "உங்க இடது பக்க முடி வலது பக்கத்தைவிட அரை அங்குலம் ஏறி இருக்கே. எந்தக் கடையில வெட்டினாங்க?"

"கடையா? நானேதான் வெட்டிக்குவேன் சார்."

"லைசென்ஸ் இருக்கா?"

அக்கா ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார்.

பத்து நாளில் அக்கா வீட்டுக்கு ஒரே தபாலில் இரண்டு கடிதம் வந்தது. முதல் கடிதம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு: லைசென்ஸ் இல்லாமல் ஒரு பெண்மணியின் தலைமுடியை வெட்டியதற்காக உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? இரண்டாவது கடிதம் பாதிக்கப்பட்டவருக்கு: தங்களுக்கு நேர்ந்ததற்குத் துறை வருந்துகிறது. தைரியமாக இருங்கள். விசாரணை முடியும் வரை குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் சந்திக்கவோ, அவருடன் பேசவோ வேண்டாம். அவர் மிரட்டினால் உடனே தெரிவிக்கவும்.

அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். கடிதத்தைப் படித்துவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தாள். "அம்மா, இனிமே கண்ணாடி முன்னாடி நிக்காத. சந்திச்ச மாதிரி ஆயிடும்." அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அரசாங்கக் கவர் என்றாலே அவருக்குப் பயம். "உன் தம்பிக்குத்தான் அந்த ஆபீஸ்ல எல்லாரையும் தெரியுமே. அவனைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்படித்தான் நான் இந்த விவகாரத்தில் தலையைக் கொடுத்தேன்.

விசாரணை அறையில் கண்காணிப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரிதான், என் கடையில் பலமுறை பிரதி எடுத்தவர். அவருக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றின் முதுகில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் 'பாதிக்கப்பட்டவர்' என்று. அக்கா எதில் உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

"முதல்ல இதுல உட்காருங்க. அப்புறம் நான் சொல்றப்போ அதுக்கு மாறிக்கலாம்" என்றார் கண்காணிப்பாளர் அம்மா. "நீங்க இவங்க முடியை வெட்டினீங்களா?"

"எவங்க முடியை?"

பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை அவர் கையால் காட்டினார்.

"என் முடியைத்தாங்க வெட்டினேன்."

"சரி, மாறி உட்காருங்க. இவங்க வெட்டினப்போ நீங்க சம்மதிச்சீங்களா, இல்ல கட்டாயப்படுத்தினாங்களா?"

அக்காவுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இது என் தலைங்க. என் தலையில நான் வெட்டினேன். இதுல உங்களுக்கு என்ன?"

கண்காணிப்பாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! சொந்தத் தலைன்னா பதினாலாம் பிரிவுல விலக்கு இருக்கு. தனக்குச் சொந்தமான பொருளைத் தானே பராமரிச்சுக்கலாம். தலை உங்களோடதுன்னு ஒரு ஆதாரம் மட்டும் கொடுத்துடுங்க, கேஸை முடிச்சிடலாம்."

"ஆதாரமா? கழுத்து மேலதானே இருக்கு!"

"அது அனுபவத்துல இருக்குன்னுதான் காட்டும். சொந்தம்னு காட்டாது" என்றார் ஓரத்தில் நின்ற இன்ஸ்பெக்டர். கிண்டலாகச் சொல்லவில்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். "வாடகை வீட்டுலயும்தானே மனுஷங்க குடியிருக்காங்க?"

உரிமைச் சான்றுக்கான விண்ணப்பம் ஏழு பக்கம். என் கடையில் வைத்து நானே நிரப்பினேன். தலை எவ்வழியில் கிடைத்தது: கிரயம், தானம், பரம்பரை, பிற. பரம்பரை என்று டிக் அடித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பரம்பரைச் சொத்து என்றால் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். மற்ற வாரிசு என்றால் நான்தான்.

ஆக, என் அக்காவின் தலையில் எனக்கு எந்தப் பங்கும் பாத்தியதையும் இல்லை, இனி எக்காலத்திலும் கோர மாட்டேன் என்று நான் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடும் முன்னால் அக்காவைப் பார்த்தேன். "யோசிச்சுக்க. சின்ன வயசுல என் தலையில நீ எத்தனை தடவை குட்டியிருப்ப? அதையெல்லாம் கழிச்சுக்கிட்டா எனக்குப் பாதித் தலை வரணும்."

"வலது பக்கத்தை எடுத்துக்க. அந்தப் பக்கம்தான் ஒத்தைத் தலைவலி வருது" என்றாள்.

அத்தானும் வர வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வளர்ந்த முடி தம்பதியின் கூட்டு உழைப்பில் வந்ததா என்று ஒரு கேள்வி. "நான் எண்ணெய் பாட்டில் வாங்கிக் கொடுத்ததோட சரிங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் அலைந்து, எல்லாம் முடிந்து, சான்றிதழும் தயாராகிவிட்டது. தடித்த காகிதத்தில் நீல முத்திரையோடு அழகாகவே இருந்தது. இதோடு தொல்லை விட்டது என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அக்கா அதை வாங்கி, லென்ஸில் கீறல் பார்க்கிற மாதிரி தள்ளிப் பிடித்து, நிதானமாகப் படித்தாள்.

"மூணு வருஷத்துக்குச் செல்லும்னு போட்டிருக்கே. மூணு வருஷம் கழிச்சு?"

"புதுப்பிச்சுக்கணும்" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

"புதுப்பிக்கலைன்னா என் தலை யாரோடது?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இன்ஸ்பெக்டர் புரட்டாமலே சொன்னார். "உரிமை கோரப்படாத பொருள் துறையின் பொறுப்புக்கு வந்துடும்மா."

அக்கா சான்றிதழை மேஜை மேல் மெதுவாக வைத்தாள். கிழிக்கவில்லை, எறியவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "எனக்கு வேண்டாங்க."

"அக்கா!" என்றேன் நான்.

"நீ சும்மா இருடா. இதை வாங்கிக்கிட்டா, இத்தனை வருஷமா இது என்னோடது இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீங்க கொடுக்கிறதுக்கு முன்னாடியே இது என்னோடதுதாங்க. என்கிட்ட இல்லாததைத்தான் நீங்க கொடுக்க முடியும்."

கண்காணிப்பாளர் அம்மாவுக்கு உண்மையிலேயே சங்கடம். சான்றிதழை வேண்டாம் என்று சொன்னவருக்கு என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் இல்லை. கடைசியில், முடிவு தெரியும் வரை தலை இருக்கும் நிலையிலேயே இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார். அக்கா வெட்டக் கூடாது, லைசென்ஸ் உள்ள சலூன்காரரும் வெட்டக் கூடாது. புதன்கிழமைதோறும் இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்ப்பார்.

அவர் வந்தார். மர அடிக்கோலை வைத்து, கண்ணை இடுக்கி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்றாவது புதன்கிழமை அவர் முகம் வாடியது. "முதல் வாரத்தைவிட கால் அங்குலம் அதிகமா இருக்கும்மா. இருக்கும் நிலையிலேயே இருக்கணும்னு உத்தரவு."

"முடி வளரும் சார்."

"தெரியுதும்மா. ஆனா உத்தரவுல அது இல்லையே" என்று இன்னொரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். அனுமதியின்றி வளர்ந்ததற்காக.

வீட்டில் இது தினசரிப் பேச்சாகிவிட்டது. ஒருநாள் நானே சொன்னேன். "கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பக்கமும் லேசா வெட்டிக்கக்கா. அளவு சரியா இருந்தா அந்த ஆளுக்கும் நிம்மதி."

அவளுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "என் முடியைத் திருட்டுத்தனமா நான் வெட்டணுமா? வெட்டினா பால்கனியில, பகல்ல, நாலு பேர் பார்க்க வெட்டுவேன். இல்லைன்னா தரையைத் தொடுற வரைக்கும் வளரட்டும்." அதைச் சொல்லும்போது அவள் கை தானாகப் பிடரிக்குப் போனது. அன்றைக்குச் சக்கரம் இழுத்த இடம் அது. நான் அதற்கப்புறம் யோசனை சொல்லவில்லை.

நாலாவது மாதம் முடி கழுத்தில் இறங்கி, குனிந்தால் முன்னால் விழுந்தது. துணி கட்டிக்கொண்டு வேலை செய்தாள். துணி நழுவி இரண்டு தடவை சக்கரத்துப் பக்கம் போனதும் முதலாளி பயந்துவிட்டார். முடி குறையும் வரை முன்பக்கத்தில் நின்று விற்பனையைப் பார்க்கச் சொன்னார். பின்னறை வேலைக்கு ஒரு புது ஆள் வந்தார். அவர் கையில் டக் சத்தமே வரவில்லை. ஊரில் பாதிப் பேர் கண்ணாடி நழுவாமல் இருக்க மூக்கைச் சுருக்கிக்கொண்டு நடந்தார்கள். அக்காவோ வாடிக்கையாளர்களிடம், "இந்த ஃப்ரேம் உங்க முகத்துக்கு ஆகாது" என்று உண்மையைச் சொல்லி விற்பனையைக் கெடுத்தாள்.

அந்தச் சமயத்தில் இன்ஸ்பெக்டர் தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். புது ஆள் அதை நிமிர்த்துகிறேன் என்று சூட்டில் கருக்கிவிட்டார். ஒரு கண் வானத்தையும் ஒரு கண் தரையையும் பார்க்கிற மாதிரி மாட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அக்கா முன்னால் வந்து நின்றார். நானும் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போயிருந்தேன்.

"நீங்கதான் சரி பண்ணணும்மா."

"முடியோட நான் சக்கரத்துக்கிட்ட போக முடியாது சார். வெட்டவும் முடியாது. உத்தரவு உங்களோடது."

அவர் தலையை ஆட்டினார். அவளைக் கெஞ்சவில்லை, உத்தரவைத் தளர்த்துகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் மனிதர் தங்கம். அப்போது அக்கா அவர் கன்னத்தைப் பார்த்தாள். மூன்று இடத்தில் பிளாஸ்திரி.

"கன்னத்துல என்ன சார்?"

"கண்ணாடி சரியில்லாம ஷேவ் பண்ணும்போது..."

"யார் பண்ணினது?"

"நானேதா—"

அவர் நிறுத்தினார். விதிப் புத்தகத்தின் மூன்றாம் பிரிவில் தலை என்பதற்கு விளக்கம் இருக்கிறது: கழுத்துக்கு மேலே முடி வளரும் பகுதி முழுவதும். அதை நான் அன்று இரவல் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அது மனப்பாடம். மெதுவாகப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நோட்டீஸ் புத்தகத்தில் தன் பெயரை எழுதி, கிழித்து, இடது கையால் வலது கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டார்.

"சார், விளையாட்டுக்குத்தான் கேட்டேன்" என்றாள் அக்கா, பதறிப்போய்.

"இல்லம்மா. பதினெட்டு வயசுலேருந்து பண்றேன்" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் எல்லாரையும் விசாரித்தார். ஒன்பது ஆண்களும் வீட்டில் தாங்களே ஷேவ் செய்பவர்கள். ஒன்பது பேருக்கும் நோட்டீஸ். துறைத் தலைவருக்கு முன்னால் போய் நின்று, வணக்கம் சொல்லி, அவருக்கும் ஒன்று. கண்காணிப்பாளர் அம்மா ஒருவர்தான் மிச்சம். நெற்றியில் விழும் முடியை நகம் வெட்டும் கத்தரியால் தானே வெட்டிக்கொள்வதாக அவர் தானாகவே முன்வந்து ஒப்புக்கொண்டார். விசாரிக்க ஆள் இல்லை. எல்லாரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள், எல்லாரும் பாதிக்கப்பட்டவர்கள். அந்த இரண்டு நாற்காலியிலும் உட்கார வரிசை நின்றது.

என் கடையில் கால் வைக்க இடமில்லை. அதிகாரிகள் எல்லாம் ஏழு பக்க விண்ணப்பத்தோடு வந்தார்கள். உடன்பிறந்தவர்களைத் தேடிப் போனார்கள். பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டு வாசலில் துறைத் தலைவர் போய் நின்றாராம். "அப்பா வீட்டுல என் பங்கை எழுதிக் கொடு. உன் தலையை நான் எழுதித் தரேன்" என்று தம்பி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டானாம். இதைத் துறைத் தலைவரே என்னிடம் சொன்னார், பிரதி எடுத்துக்கொண்டே. கண் கலங்கியிருந்தது.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. அன்று மட்டும் முந்நூறு பிரதி எடுத்தேன். இந்த முறை முதலில் படித்தேன். ஒரே ஒரு வரி: 'ஒருவருடைய சொந்தத் தலை, இவ்விதிகளின் பொருளில், தலை ஆகாது.'

சூடு ஆறாத தாளோடு கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். அக்கா படித்தாள்.

"இது தலை இல்லைன்னா, பின்ன என்னவாம்?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"நல்லது. சொல்லாமலே இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, வேலைக்குக் கிளம்பும் முன்னால், பால்கனியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். எதிர் வீட்டில் துணி காயப்போட்டவர்கள் கைதட்டினார்கள். ஐந்து மாத முடி. கோணல்மாணலாகத்தான் வந்தது. அத்தான் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று பொய் சொன்னார். மகள் தன் முடியையும் வெட்டிவிடச் சொன்னாள். "உன் தலை எனக்குத் தலைதான்டி. லைசென்ஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் கருகிய ஃப்ரேமோடு வந்தார். முகம் முழுக்கத் தாடி. நோட்டீஸ் கொடுத்துக்கொண்ட நாளிலிருந்து கத்தி வைக்கவில்லை. அக்கா அவருக்குப் புது ஃப்ரேம் எடுத்து, பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து அமுக்கினாள். சத்தம் முன்பக்கம் வரை கேட்டது.

"இப்பத்தான் தடை இல்லையே சார். ஷேவ் பண்ணிக்கலாமே?"

"பண்ணலாம்னு எழுத்துல கொடுத்துட்டாங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "அதான் பண்ணவே பிடிக்கலை."

அக்கா கண்ணாடியை அவர் காதில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தாள். தாடியில் காம்பு சிக்கியது. "கொஞ்சம் தளர்த்தித் தரேன்" என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.